மாஸ்டர் பியானோ பார்க்கப் போனார்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எதையும் லேசில் நம்பாத மனிதர். தொழில் அப்படி. ஸ்டியரிங் இன்னொருவர் கையில் இருக்கும். இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். மிதித்து மிதித்துப் பழகியதில், வீட்டில் மனைவி குழம்புச் சட்டியைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தினாலும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவர் கால் தானாக அழுந்தும்.

இப்படிப்பட்டவருக்குத் தலை நரைத்தபிறகு பியானோ ஆசை பிடித்துக்கொண்டது. அதற்கு டீச்சர்தான் காரணம். பியானோ சொல்லித்தரும் அந்த அம்மாள் இவரிடம் கார் பழக வந்தார். கட்டணத்துக்குப் பதிலாகப் பியானோ கற்றுத்தருகிறேன் என்றார். டீச்சருக்கு இன்றுவரை ரிவர்ஸ் வரவில்லை. மாஸ்டருக்கு இடது கை வரவில்லை. யாரும் யாரையும் திட்ட வழியில்லாததால் வகுப்புகள் சுமுகமாக நடந்தன.

வீட்டில் பழகுவதற்கு மேஜை விளிம்புதான். அவர் தட்டுகிற தட்டில் தலைவலி வந்து, கடைசியில் மனைவியே சேமிப்பை எடுத்து நீட்டினார்.

"ஒரு தடவைதான் குடுப்பேன். ஓட்டை உடைசலைத் தூக்கிட்டு வந்தீங்க, அது மேல துணி காயப்போட்டுடுவேன்."

சொன்னால் செய்கிற ஆள். மாஸ்டருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

டீச்சரையும் கூட்டிக்கொண்டு போன பழைய சாமான் கடையில் ஒரு பியானோ பளபளவென்று நின்றது. மாஸ்டர் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், பெடலை நாலு தரம் மிதித்தார்.

"பிரேக் நல்லா பிடிக்குது டீச்சர்" என்றார்.

டீச்சர் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பையிலிருந்து சுருதி சேர்க்கும் சாவியை எடுத்து உள்ளே ஓர் ஆணியில் மாட்டித் திருகினார். அது எந்தப் பிடிமானமும் இல்லாமல் சுற்றியது. கடைக்காரர் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்.

"மாஸ்டர், புது பெயின்ட் அடிச்ச பழைய வண்டிய நீங்க நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப இத மட்டும் ஏன் நம்புறீங்க? கம்பி பூரா துரு. கம்பிய இழுத்துப் பிடிக்க வேண்டிய ஆணி லொடலொடங்குது. இன்னைக்குச் சுருதி சேத்தா அடுத்த வாரம் கலைஞ்சிடும்."

மாஸ்டர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்தது ஒரு மாடி வீடு. அந்த வீட்டு அம்மாள் மகனோடு குடியிருக்கப் போவதால் பியானோவை விற்கிறார். உடம்பெல்லாம் கீறல், மூடியில் வட்ட வட்டமாக டம்ளர் கறை.

"ஆக்சிடென்ட் ஆன வண்டி மாதிரில்ல இருக்கு" என்று மாஸ்டர் முணுமுணுத்தார்.

டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே துரு இல்லை, ஆணிகள் இறுக்கமாக இருந்தன, கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரிக்கவில்லை. பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கட்டை விடாமல் அழுத்திக் கேட்டார். வீட்டு அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோதும் டீச்சர் பாதிதான் தாண்டியிருந்தார்.

"உக்காந்து வாசிங்க மாஸ்டர்."

"நானா?"

"பின்ன, வாங்கப் போறது நானா?"

மாஸ்டர் உட்கார்ந்தார். கட்டைகளைத் தொடாமல் கையை மடியிலேயே வைத்திருந்தார். 'கார் என்ன, கடிச்சிடவா போகுது?' என்று எத்தனை பேரை அதட்டியிருப்பார்! இப்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. தெரிந்த சின்ன மெட்டை வாசித்தார். இடது கை வழக்கம்போலப் பாதியில் நின்றது. ஆனால் கடைசியாக அழுத்திய கீழ்ஸ்தாயிக் கட்டை நின்று ஒலித்தது. அந்த ஓசை அடங்கும்வரை அவர் விரலை எடுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

வீட்டு அம்மாள் விலை சொன்னார். மாஸ்டர் சட்டைப்பையில் இருந்ததும் சரியாக அவ்வளவுதான்.

டீச்சர் குனிந்து அவர் காதில் சொன்னார்: "இதக் குடுத்துட்டா வண்டிக் கூலிக்கு என்ன பண்ணுவீங்க? எழுந்திருங்க. வேணாம்னு சொல்லிட்டு வாசல் வரைக்கும் போவோம். அவங்களே கூப்பிட்டுக் குறைப்பாங்க."

மாஸ்டருக்குத் தெரியாத வித்தையா? தெரிந்தவர்களுக்குப் பழைய கார் வாங்கித் தரும்போதெல்லாம் அவர் செய்வதே அதுதான். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். கை கட்டைகளின் மேலேயே இருந்தது.

"நீங்க வேணும்னா போயிட்டு வாங்க டீச்சர்" என்றார், வீட்டு அம்மாளுக்கும் கேட்கும்படி. "நான் இங்கயே இருக்கேன்."