கோல் கீப்பர் போட்ட கூடைகள்

சனிக்கிழமை காலை எட்டு மணி இருபது நிமிடம். வவுனியா நகரத்து மைதானத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, உயரமான ஒரு பெண்பிள்ளை சீமெந்துத் தரையில் நின்று பந்தை ஒரே இடத்தில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அதை விளையாட்டு என்று சொல்ல முடியாது. தட்டிய இடத்திலேயே பந்து திரும்பி எழும்புகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தாள். எழும்பியது. மற்றப் பிள்ளைகளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் அவர்கள். கூட்டி வந்த ரீச்சர் கணிதம் படிப்பிக்கிறவர். கூடைப்பந்துக்கு வேறு ஆள் இல்லாததால் தானே பொறுப்பெடுத்தவர். தங்கள் மைதானம் கிரவல் தரை என்றார். பந்து சின்னக் கல்லில் பட்டாலும் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். அதனால் பிள்ளைகள் தட்டிக்கொண்டு ஓடுவது குறைவு, பந்தைக் காற்றிலேயே கைமாற்றுவார்கள். வளையமும் வலைப்பந்துக்கு நட்ட இரும்புக் கம்பத்தில் உள்ளது. பின்னால் பலகை கிடையாது. பலகையில் பட்டு விழும் எறிகை என்ற ஒன்றை அவர்கள் பழகியதே இல்லை.

அன்றைய ஆட்டம் மாகாணப் பெண்கள் அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்வதற்கானது. முல்லைத்தீவுப் பக்கத்துக்கு இந்த ஒரு அணி, வவுனியாவுக்கு ஒன்று. வேறு மாவட்டங்களின் ஆட்டம் முந்தின வாரமே முடிந்திருந்தது. அந்த உயரமான பிள்ளைதான் ஒட்டுசுட்டான் அணியின் கப்டன். வயது பத்தொன்பது. அடுத்த வருடம் வயதெல்லையைத் தாண்டிவிடுவாள் என்று ரீச்சர் சொன்னார். மூன்று வருடமாக இந்தத் தெரிவுக்கு வருவதற்கே அவர்களுக்குப் பஸ் காசோ அனுமதியோ ஏதோ ஒன்று இல்லாமல் போயிருந்தது. இம்முறைதான் இரண்டும் சேர்ந்து கிடைத்தன.

ஆட்டம் ஒன்பது மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. தொடங்கவில்லை. வவுனியாப் பிள்ளைகளிடம் இலக்கம் பொறித்த ஜேர்சி இருந்தது. இவர்களிடம் வெறும் வெள்ளை ரீசேட். அடையாளம் இல்லாமல் ஆட விடமுடியாது என்றார்கள். நியாயம்தான். ஆனால் மேடைக்கு முன்னால், வெள்ளைத் துணி விரித்த மேசையில், பொலித்தீன் உறை பிரிக்காத இலக்க ஜேர்சிகள் இரண்டு கட்டாக அடுக்கியிருந்தன. வெளிநாட்டிலிருந்து யாரோ அன்பளிப்பாக அனுப்பியவை. ரீச்சர் போய்க் கேட்டார். பிரதம விருந்தினர் வந்து தன் கையால் வழங்கும்வரை உறை பிரிக்கக்கூடாதாம். பிரித்தால் படத்தில் நன்றாக இருக்காதாம். விருந்தினர் மத்தியானம்தான் வருவார்.

ஏழு பிள்ளைகள் இலக்கமில்லாமல் நிற்க, ஜேர்சிகள் ஐந்தடி தூரத்தில் படத்துக்காகக் காத்திருந்தன. இந்த நாட்டில் எத்தனையோ வைபவங்களுக்குச் செய்தி எழுதப் போயிருக்கிறேன். பொருள் யாருக்காக வந்ததோ அவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதில் உரிமை இருக்கும்.

கடைசியில் களஞ்சிய அறையிலிருந்து வலைப்பந்தாட்டத் துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சட்டைக்கு மேல் போட்டு நாடாவால் கட்டுகிற துணிகள். வலைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். அந்த இடத்தின் எழுத்து நெஞ்சில் இருக்கும். எறிகிறவருக்கு ஒன்று, நடுவில் நிற்பவருக்கு ஒன்று, தடுக்கிறவருக்கு ஒன்று. எழுத்துக்குரிய எல்லையைத் தாண்டினால் தவறு. கூடைப்பந்தில் அப்படி எதுவும் இல்லை. யாரும் எங்கும் ஓடலாம், யாரும் எறியலாம். எனவே எழுத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மற்றவர்கள் எடுத்த பிறகு மிஞ்சியதைக் கப்டன் எடுத்துக் கட்டினாள். அது கோல் கீப்பருடையது, வளையத்தடியில் நின்று தடுக்கிறவரின் எழுத்து.

ஒன்பதே முக்காலுக்கு ஆட்டம் தொடங்கியது.

முதல் பத்து நிமிடத்தில் அவள் வளையத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். உயரத்தைக் கண்டு வவுனியா அணி இரண்டு பேரை அவளோடு ஒட்டிவிட்டது, சில நேரம் மூன்று பேரை. அவள் அவர்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போவாள். அப்போது வளையத்துக்குக் கீழே ஓர் இடம் வெறுமையாகும். பந்து அங்கே போய்ச் சேரும். அங்கே நின்றது எறிகிறவரின் எழுத்தைக் கட்டியிருந்த பதினேழு வயதுப் பிள்ளை. பந்து நேரே கைக்குள் வந்ததால் அவள் திரும்பிப் போட்டால் போதும். முதல் இரண்டு எறிகைகளைத் தவறவிட்டாள். கப்டன் மூன்றாவதையும் அவளுக்கே கொடுத்தாள். அது விழுந்தது.

இரண்டாம் பகுதியில் வவுனியாப் பயிற்றுநர் கணக்கை மாற்றினார். கப்டனை விட்டுவிட்டு மற்றவர்களை மறிக்கச் சொன்னார். அவள் அதைக் கவனித்த கணம் எனக்குத் தெரிந்தது: பந்தைக் கையில் வைத்தபடி ஒருமுறை இடமும் வலமும் பார்த்தாள், பிறகு இருந்த இடத்திலிருந்தே எறிந்தாள். பலகையைத் தொடாமல் வளையத்துக்குள் இறங்கியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். வேலிக்கு வெளியே முச்சக்கரவண்டிக்காரர் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் கூப்பிட்டார்.

“தங்கச்சி, அந்தப் பலகையையும் ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. அதுக்கு வாடகை இல்லை.”

அவள் சிரிக்கவில்லை. வவுனியாப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

எறிவதா கொடுப்பதா என்பதை அவள் பந்து கைக்கு வந்த பிறகு யோசிக்கவில்லை. வருவதற்கு முன்பே எதிரணியின் கால்களைப் பார்த்து முடிவெடுத்திருந்தாள். தன்மேல் பாய்ந்தால் கொடுத்தாள், பின்வாங்கினால் எறிந்தாள். கடைசி நிமிடங்களில் ஒட்டுசுட்டான் மூன்று புள்ளி முன்னால் நின்றது. அவள் எறிவதற்குத் துள்ளினாள், இரண்டு பேர் கூடவே துள்ளினார்கள், பந்து அவர்களின் கைகளுக்குக் கீழால் அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் போனது. கூடை. அடுத்த தடவை கொடுப்பாள் என்று எல்லோரும் மற்றவளை மறித்தார்கள். இவள் எறிந்தாள். ஆட்டம் முடிந்தது.

நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தொன்று. பத்திரிகைப் பழக்கத்தில் குறித்துக்கொண்டே இருந்தேன். அணியின் நாற்பத்தெட்டில் இருபத்திரண்டு அவள் போட்டது. இன்னும் இருபது அவள் கொடுத்த பந்தில் மற்றவர்கள் போட்டது. அவள் கை படாமல் வந்தவை ஆறு புள்ளிகள் மாத்திரம்.

தெரிவுக் குழுவில் மூன்று பேர். தலைவி வலைப்பந்தாட்டத்தில் பெயர் எடுத்தவர், பல வருடம் பயிற்றுநராக இருந்தவர். அந்த மரியாதையை நான் குறைக்க விரும்பவில்லை. மற்ற இருவரும் ஆண்கள். அதில் ஒருவர் இளமையில் கூடைப்பந்து ஆடியவர். அவர்களின் கூடாரத்துக்குள் றோல்ஸும் தேநீரும் போயின. பதினொன்றரைக்குத் தலைவி ஒலிவாங்கியைப் பிடித்துப் பெயர் வாசித்தார். வவுனியா அணியில் மூன்று பேர். ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர்: எறிகிறவரின் எழுத்தைக் கட்டியிருந்த பிள்ளை. கப்டனின் பெயர் வரவில்லை.

பெயர் தவறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ரீச்சர் கூடாரத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“மேடம், எங்கட கப்டன்ர பேர் விடுபட்டிட்டுது போல.”

“ஆர் பிள்ளை, கீப்பரோ?”

“ஓம் மேடம். உயரமான பிள்ளை.”

“நல்ல பிள்ளைதான். ஆனா ஒரு இடத்தில நிக்கத் தெரியேல்லை. தடுக்கிற ஆள் முன்னுக்கு ஓடிவந்து எறியிறா, பிறகு நடுவுக்கு வந்து குடுக்கிறா. எறியிறவ எறியோணும், குடுக்கிறவ குடுக்கோணும். இவவை நான் எந்த இடத்துக்கெண்டு போடுறது?”

ரீச்சர் மெதுவாகச் சொன்னார்.

“மேடம், இது கூடைப்பந்து.”

“அது எனக்குத் தெரியாதோ?” என்றார் தலைவி. குரல் உயரவில்லை. அணி என்றால் அணிதான், எந்தப் பந்தாக இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை என்று விளக்கினார். எறிகிறவர்களை எறிகிறவர்களோடும் தடுக்கிறவர்களைத் தடுக்கிறவர்களோடும் ஒப்பிட்டுத்தான் புள்ளி போட்டார்களாம். வவுனியா அணியிடமும் யார் யார் என்ன இடம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்களாம். அந்தக் கணக்கில் கப்டன் தடுப்பவர்களில் கடைசி.

அந்தத் துணிகளை அவர்களே கொடுத்தது, வேறு துணி இல்லாததால் கொடுத்தது என்று ரீச்சர் சொன்னார். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் போனில் ஆட்டத்தைப் பிடித்திருந்தார். ரீச்சர் அதை வாங்கி வந்து காட்டவும் முயன்றார். தலைவி திரையை ஒருதரம் பார்த்தார்.

“வீடியோவில எல்லாரும் திறமாத்தான் தெரிவினம்,” என்றார்.

வாசித்த பட்டியலை மாற்றும் வழக்கம் இல்லை என்று மற்றவர்களில் ஒருவர் சேர்த்துக்கொண்டார். கூடைப்பந்து ஆடியவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர்த் தாங்கியடியில் அவரைத் தனியாகக் கண்டேன். நான் கேட்காமலே சொன்னார்.

“ஆள் அந்தமாதிரி. இந்த வருசம் நான் கண்டதுக்குள்ள இவதான் திறம். ஆனா அவாவுக்கு முன்னால ஆர் வாய் திறக்கிறது?”

தலைவி மேல் வந்த கோபம் ஒரு அளவு. அவர் தெரியாததைத் தெரியாமல் செய்தார். தெரிந்த இந்த மனிதர் மேல் வந்த கோபத்துக்கு இன்றுவரை அளவு கிடைக்கவில்லை. இரண்டே வசனத்தில் தீர்ந்திருக்கும் விசயம். அவருக்குத் தொழில் போகாது, சம்பளம் குறையாது. ஒரு பெரியவரின் முகம் ஒரு நிமிடம் சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்த முகத்தின் ஒரு நிமிடத்துக்கு எதிராக ஒரு பிள்ளையின் கடைசி வருடத்தை வைத்தார்கள். முகம் கனத்தது. இதற்கு நாங்கள் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கும் அதையே பழக்குகிறோம்.

ஒரு மணிக்குப் பிரதம விருந்தினர் வந்தார். மாலை போட்டார்கள், விளக்கேற்றினார்கள், உறைகளைப் பிரித்தார்கள். விருந்தினர் தன் பேச்சில் கூட்டு முயற்சியைப் பற்றிச் சொன்னார். நான் ஆட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, நடந்ததையும் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் விருந்தினர் ஜேர்சி வழங்கும் படமும் கீழே மூன்று வரியும் வந்தன. மூன்று வரியில் ஒன்று விருந்தினரின் பதவி. தொலைபேசியில் கேட்டேன். தெரிவுக் குழுவைப் பகைத்தால் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்கள் என்றார்கள். உள்ளே விட்டும் எழுத முடியாததற்கு வெளியே நிற்கலாம் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் அவர்கள் பஸ் நிலையத்தில் நின்றார்கள். தெரிவான பிள்ளை அழுதுகொண்டிருந்தாள்.

“நான் போகேல்லை அக்கா. நீங்கள் இல்லாமல் நான் என்னத்தைப் போடுறது?”

“விசர்க்கதை கதைக்காதை,” என்றாள் கப்டன். “போ. பந்து வரமுந்தியே காலை வை. வந்தாப் பிறகு யோசியாதை.”

அந்தச் சின்னவளின் தோளில் தொங்கிய புது ஜேர்சிப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போகிற மாங்குளம் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று என்னிடம் கேட்டாள். காட்டினேன். நான் நெளுக்குளத்தில் உள்ள வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிரவு அங்கிருந்து அனுப்பியதுதான் அந்த ஒரு பக்கம்.

மூன்றாவது வாரம் தெரிவுக் குழுவிலிருந்து ரீச்சருக்கு ஓர் அழைப்பு வந்தது. அணியின் பயிற்சிக்கு உயரமான ஆள் தேவைப்படுகிறது, கப்டனை எதிரணியில் நின்று உதவ அனுப்ப முடியுமா என்று. சாப்பாடு தருவார்களாம். ரீச்சர் தொலைபேசியில் சொன்ன பதிலை என்னிடம் திருப்பிச் சொன்னார். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

அடுத்த மாதம் அணி கொழும்புக்குப் போனது. ஒட்டுசுட்டானிலிருந்து போனது ஒரு பிள்ளை. முதல் ஆட்டத்தில் நாற்பது நிமிடமும் அவளைக் களத்தில் வைத்திருந்தார்கள். பந்து அவள் கைக்கு மூன்று தடவை வந்தது.