அகல டயரும் என் ஸ்கூட்டியும்

போன செவ்வாய்க்கிழமை காலை. மீசாலைப் பக்கம் ஒரு வயல்வெளி. ஆள் நடமாட்டமில்லாத மணல் பாதை. நடுவே, பின்சக்கரம் பாதி புதைந்துபோன ஸ்கூட்டி. அதன்மேல், ஹெல்மெட்டும் முழியுமாக… வேறு யார், நான்தான்!

எனக்கு அங்கே என்ன வேலை? ஒன்றுமில்லை. வேலை என் மகள் துளசிக்கு, சாவகச்சேரியில் ஒரு அலுவலகத்தில். அவள் சைக்கிளில் போக, நான் பின்னால் போனேன். உளவு பார்க்க அல்ல. பயத்தில்.

சென்ற மாதம் ஏ-9 வீதியில் அவளுக்குப் பின்னால் வந்த பஸ் ஒன்று ஹோர்ன் அடித்திருக்கிறது. ஒதுங்கியிருக்கிறாள். தார் முடிந்து கிறவல் மண் தொடங்கும் இடத்தில் முன்சக்கரம் வழுக்கி, சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். முழங்கையில் தையல். அவ்வளவுதான். ஆனால் "அம்மா, பதறாதேங்கோ…" என்று முன்பின் தெரியாத ஒருவர் போனில் தொடங்கினாரே… இன்றைக்கும் தெரியாத நம்பர் வந்தால் நான் எடுப்பதில்லை.

"உந்தச் சைக்கிளை வித்துப்போட்டு பஸ்ஸிலை போ பிள்ளை" என்றேன்.

"பிழை சைக்கிளிலை இல்லையம்மா, ரயரிலை. இந்த மெல்லிசு ரயரோடை தாரை விட்டு இறங்கேலாது. மண்ணிலையும் ஓடுற மாதிரி மாத்தப் போறன்" என்றாள்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய இரும்பு றேசிங் சைக்கிள் அது. ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹாண்டில், விரல் தடிமனில் டயர். அகல டயர் வாங்கிப் போட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். டயர் ஃபிரேமுக்குள் நுழையவே இல்லை! கொஞ்சம் சிறிய சக்கரம் போட்டாள். டயர் நுழைந்தது, ஆனால் பிரேக் கட்டை சக்கர விளிம்புக்கு எட்டவில்லை.

பிரேக் பிடிக்காத சைக்கிள் — என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! கை நீண்ட பழைய பிரேக் தேடி நானே கடை கடையாக ஏறி இறங்கினேன். கிடைத்தபோது அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம். மணலில் மிதிக்க இலகுவாக, பின்னுக்குப் பெரிய பல்சக்கரமும் பூட்டினாள். என் பங்குக்கு ஒரு பெரிய மணி.

"இதென்னப்பா, தேருக்கோ பூட்டப் போறியள்?" என்றார் என் கணவர்.

சைக்கிள் திருந்திவிட்டது. நான்?

அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பிய நாளிலிருந்து, ஐந்து நிமிடம் விட்டு நானும் கிளம்பினேன். லொறி வந்தால் லொறிக்குப் பின்னால் ஒளிவேன். அவள் அலுவலகக் கேற்றுக்குள் நுழைந்ததும் திரும்பிவிடுவேன். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை திடீரென்று பிரதான வீதியை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பினாள். நானும் திரும்பினேன். ஒழுங்கை மணலானது, மணல் ஆழமானது. அகல டயர் மிதந்து போனது, ஸ்கூட்டி படுத்துவிட்டது. கத்திப் பார்த்தேன். காற்று எதிர்ப்பக்கம்.

வரம்படியில் அவளாகவே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"எங்கையம்மா வெளிக்கிட்டனீங்கள்?"

"சும்மா… சந்தைக்கு."

"வயலுக்கை என்ன சந்தை? ஒவ்வொரு நாளும் பின்னாலை வாறியள். ஒபிசிலை கேக்கினம், உன்ரை அம்மாவும் இஞ்சை வேலைக்குச் சேர்ந்திட்டாவோ எண்டு!"

"தெரிஞ்சுகொண்டே இருந்தனீ? ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நிப்பாட்டியிருப்பியளோ?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அம்மா, நீங்கள் வரேக்கை நான் றோட்டைப் பாக்கிறேல்லை. திரும்பித் திரும்பி உங்களைத்தான் பாக்கிறன். லொறியளுக்குப் பின்னாலை ஒளிச்சு வாறியள்… உங்களுக்கு ஏதும் நடந்தா? அதுதான் இண்டைக்கு இஞ்சாலை திரும்பினனான். மணலுக்குள்ளை வரமாட்டியள் எண்டு நினைச்சன்."

ஏ-9 வீதியில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிள் ஓடியிருக்கிறாள் என் பிள்ளை. யாரால்? பஸ்காரனாலா?

பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வாகனத்தை அல்லவா நாங்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்?

காய்ந்த பனையோலையைச் சக்கரத்துக்குக் கீழே கொடுத்து, அவள் தள்ள, நான் முறுக்க, ஸ்கூட்டி ஒருவாறு எழும்பியது. அவளுடைய முகமெல்லாம் மணல். "வீட்டை போங்கோ. நான் போய்ச் சேர்ந்து உங்களுக்குப் போன் எடுக்கிறன்" என்றாள். வரம்பைத் தாண்டி, பனைகளுக்கிடையே மறையும்வரை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதி, தெரியுமா?

மறுநாள் காலை நான் வீட்டுக் கேற்றடியோடு நின்றுகொண்டேன். போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"வந்திட்டனம்மா. நீங்கள் வீட்டைதானே நிக்கிறியள்?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

ஒரே நாளில், இவ்வளவு கெதியில் திருந்திவிட்டேனே என்று என்னைப் பாராட்டிவிடாதீர்கள் — ஸ்கூட்டிச் சாவியை அவள் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.