காற்றைக் கட்டிவைத்த குளிர்காலம்

எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு குளிர்காலத்தில் என் மனைவியிடம் நான் மிக மரியாதையாக நடந்துகொண்டேன். உப்பை எடுத்துத் தந்தால் தேங்க்யூ. வழியை மறித்து நின்றால் சாரி. அவளும் அப்படியே. புலம்பெயர்ந்து வந்த தென்கடல் தீவு நாட்டில், ஹில்ஸ்பரோவில், மனுகாவ் குடாவைப் பார்த்த சரிவில், ஒரு பலகை வீட்டில், தபால் கந்தோர் வரிசையில் நிற்கும் இருவரைப் போல நாங்கள் குடும்பம் நடத்தினோம்.

காரணம் மகள். ஆறு வயது. பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு வருடமாகியும் வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. வீட்டில் சுவரோடும் பூனையோடும் கதைப்பவள், பள்ளிக்கூடக் கேற்றைத் தாண்டியதும் உதடுகளை உள்ளே மடித்து வைத்துக்கொள்வாள். அவளுடைய ஆசிரியை இளம்பெண், நல்ல மனம் உள்ளவள். எங்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் இருத்தி, வீட்டில் இரண்டு மொழி இருப்பதால் குழந்தை குழம்பிப் போகிறது என்றாள். இந்தப் பள்ளித் தவணை முடியும்வரை ஆங்கிலம் மட்டும் பேசிப் பாருங்கள்; அதன் பிறகும் வாய் திறக்காவிட்டால் விசேட உதவி வகுப்புக்கு மாற்ற யோசிக்க வேண்டும்.

உண்மையில் எங்கள் வீட்டில் இருந்தவை மூன்று மொழிகள். நான் யாழ்ப்பாணம். மனைவி ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள், மருத்துவமனையில் தாதி. என் தமிழை அவள் பழைய கல்வெட்டு என்பாள். சொல்லுக்குப் பின்னால் ‘லா’ ஒட்டும் அவள் தமிழை நான் மலாய்க் கச்சான், வறுத்த கடலை, என்பேன். இந்தக் கேலியில்தான் எங்கள் அன்பு குடியிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி அவளை நான் ‘நீர்’ என்றுதான் சொல்வேன். அந்தச் சொல்லுக்குள் கொஞ்சம் மதிப்பு, கொஞ்சம் செல்லம், கொஞ்சம் கோபத்துக்கும் இடம். ஆங்கிலத்தில் அவளுக்கும் பஸ் ஓட்டுபவருக்கும் என்னிடம் ஒரே ஒரு ‘யூ’தான் இருந்தது.

ஆங்கிலம் மட்டும் என்பதை மனைவி ஒரே பிடியாக வீட்டு விதியாக்கினாள், மகளின் காது எட்டும் தூரத்துக்கு மட்டும். ஆகவே தமிழ் லாண்ட்ரிக்குள், உடுப்புத் தோய்க்கும் அறைக்குள், குடிபோயிற்று. உடுப்பு மெஷின் சுற்றும்போது கதவைச் சாத்திக்கொண்டு, சவர்க்காரத் தூள் மணத்துக்குள் நின்று, ஊர்க் கடிதம் முதல் மின்சார பில் வரை கதைத்து முடிப்போம். மெஷின் நின்றால் வாய் நிற்கும். வெளியே மகள் ஹீட்டருக்கு முன்னால் கால் நீட்டி இருப்பாள். சில வாரங்களில் அவள் வீட்டிலும் குறையப் பேசத் தொடங்கினாள். பூனைக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஹென்டர்சனில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் நான் அப்போது வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். நாள் முழுவதும் நேர்கோடு. ஐந்து நாள் நேர்கோடு கீறியவனுக்குச் சனிக்கிழமை கால்கள் நேராகப் போகாது. மழைக்கு ஒதுங்கியது போல நூலகத்துக்குள் ஒதுங்குவேன். மகளும் வருவாள். அப்படி ஒரு சனிக்கிழமை, உலகக் கதைகள் இருந்த கீழ்த்தட்டிலிருந்து அவள் ஒரு புத்தகத்தை இழுத்து எடுத்து என் மடியில் வைத்தாள். அட்டையில் மரப்பட்டைத் தோணி. உள்ளே பாசமகுவாடி மக்களின் கதைகள். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி, ஒரு வளைகுடாவின் கரையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். அதே தட்டில் தடித்த இன்னொன்று: அவர்களும் அல்கொன்கின் போன்ற அவர்களுடைய உறவுக் குடிகளும் பேசும் மொழிகள், வழக்கங்கள், கடைசியில் ஒரு சொற்பட்டியல். இரண்டையும் எடுத்தோம். ஆங்கிலப் புத்தகங்கள். விதிக்குப் பங்கமில்லை.

அன்று லாண்ட்ரியில் மனைவி அட்டையைப் பார்த்து எழுத்துக் கூட்டினாள்.

“பா…சமகுவாடி. பேர்லயே பாசம் வச்சிருக்காங்க பாருங்க. படிக்கிற ஆளுக்குத்தான் இல்ல. துணிய புழியுங்க.”

அந்தத் தடித்த புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆஷ் என்னும் மரத்தின் அடியை மரச்சுத்தியலால் அடித்து அடித்து, வருட வளையம் வளையமாக உரித்து எடுத்துக் கூடை பின்னுவார்களாம். இனிக்கும் வாசனையுள்ள ஒரு புல்லை இடையில் சேர்ப்பார்களாம். கதை சொல்வதற்குக் குளிர்காலம். மீன்பிடியும் அறுவடையும் ஓய்ந்து, கதவுக்கு வெளியே பனி ஏறிய பிறகு. அந்த மொழிகள் பெயர்ச்சொற்களை ஆண் பெண் என்று பிரிப்பதில்லை, உயிருள்ளது உயிரில்லாதது என்று பிரிக்கின்றன என்று வாசித்தபோது, உயர்திணை அஃறிணை படித்தவனுக்கு உடம்பு புல்லரித்தது. அங்கே மரமும் உயிருள்ளதன் பக்கம். நானோ உயிரோடு இருந்த ஒன்றை உடுப்பு மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. பள்ளிக்கூடங்களில் தங்கள் மொழியைப் பேசி அவமானப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தங்கள் பிள்ளைகளிடம் அதைப் பேசாமல் விட்டார்கள் என்று எழுதியிருந்தது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் உள்ளே வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

புத்தகத்தை விரித்தபடி லாண்ட்ரிக்குப் போனேன்.

“இஞ்ச பாரும். இதை ஒருக்கா வாசியும்.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள் என்று கண்ணின் போக்கில் தெரிந்தது.

“நான் தப்புப் பண்றேன்னு காட்டத்தான் இத கொண்டாந்தீங்களா?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“சொல்லல. விரல வச்சுக் காட்டுறீங்க.” மெஷினின் மேல் புத்தகத்தை வைத்தாள். அது அதிர்ந்தது. “முதல் வகுப்புல எனக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. பாத்ரூம் போகணும்னு கேக்கத் தெரியல. உக்காந்த இடத்துலயே போயிட்டேன். எல்லாப் பிள்ளைங்களும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இந்த அம்மாங்க ஏன் நிறுத்தினாங்கன்னு நெனைக்கிறீங்க? பாசம் இல்லாமலா?”

மெஷினின் மேலிருந்து நழுவிய புத்தகத்தை நான் பிடித்தேன்.

“நானும் அவங்க மாதிரிதான் லா. அவளுக்கு அந்த மாதிரி ஒரு நாள் வந்துடக்கூடாது. அவ்வளவுதான்.”

வாதத்துக்காக நான் கொண்டுபோன பக்கம் அவள் பக்கம் போய் நின்றுவிட்டது. அந்த ஆண்டுகளில் இந்த நாட்டிலும், இதன் பழங்குடிகளான மாவோரிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று வானொலியில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஈரப் பாவாடையோடு இருந்த ஒரு சின்னப்பிள்ளைக்கு முன்னால் எதை எடுத்துச் சொல்வது? துணியை வாளியில் அள்ளிக்கொண்டு கொடிக்குப் போனேன்.

கதைப் புத்தகத்தை ஒவ்வொரு மாலையும் மகளுக்கு ஆங்கிலத்தில் வாசித்தேன். அவள் கேட்டாள். மழை கேட்கும் கூரை மாதிரிக் கேட்டாள், பதில் இல்லாமல். என் குரலும் அப்போது என்னுடையதாக இருக்கவில்லை. சுங்கப் படிவம் வாசிப்பவன் போல ஒரு குரல்.

பிறகு ஒரு ஞாயிறு, தென்மேற்கிலிருந்து காற்று வந்தது. குடாவைக் கிழித்துக்கொண்டு வந்து சரிவில் ஏறி, அயல்வீட்டு மரவேலியைப் படுக்கவைத்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே கரண்ட் போயிற்று. ஹீட்டர் அணைந்தது. மூவரும் எங்கள் கட்டிலில் ஒரே போர்வைக்குள் புகுந்தோம், மகள் நடுவில். காற்றின் ஒவ்வொரு அடிக்கும் அவள் என் கையை இறுக்கினாள். புத்தகத்தில் காற்றைப் பற்றிய கதை ஒன்று இருந்தது. ஆனால் வாசிக்க வெளிச்சம் இல்லை.

நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஒரு பறவை இருந்தது என்றேன். மிகப் பெரிய பறவை என்றேன். அதற்கு மேல், தாளைப் பார்க்காமல், ஒன்றும் வரவில்லை.

இருட்டுக்குள் மனைவியின் குரல். தமிழில்.

“ஏன் இப்படித் திணறுறீங்க? சும்மா சொல்லுங்க லா. கரண்டு வர்ற வரைக்கும்.”

மகள் திரும்பி அவளைப் பார்த்ததை உடம்பால் உணர்ந்தேன்.

“வானம் முடியிற இடத்திலை ஒரு பாறை,” என்றேன். “அதிலை ஒரு பெரிய குருவி. அது செட்டை அடிச்சால் காத்து.”

“சட்டையா?” என்றாள் மனைவி. “பறவைக்கு சட்டை போட்டு விடுறாரு உங்கப்பா. ரெக்கைம்மா, ரெக்கை.”

“செட்டை. அது அடிக்க அடிக்கக் கடல் கொந்தளிக்குது. சனம் மீன் பிடிக்கேலாமல் பட்டினி.”

“சனமாம். மக்கள்னு சொல்றது.”

“நீர் சொல்லுமன் மிச்சத்தை!”

“எனக்குக் கதை தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? சொல்லுங்க, சொல்லுங்க.”

போர்வைக்குள் கட்டில் குலுங்கியது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மக்களுக்குள் வல்லமை உள்ள ஒருவன் இருந்தான். அவன் போய்ப் பறவையின் செட்டைகளைப் பிடித்துக் கட்டிவிட்டான். காற்று நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நாட்கள் போகப் போகக் கடல் அசையாமல் கிடந்து தடித்தது. நாற்றம் எடுத்தது. துடுப்பு நகரவில்லை. காற்றில்லாத தண்ணீரில் ஒன்றும்…

வெளிச்சம் வந்தது. கூரை விளக்கு பட்டென்று எரிந்தது. குசினியில் குளிர்சாதனப் பெட்டி உறுமத் தொடங்கியது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் கண் கூசப் பார்த்தோம். என் வாய் திறந்தபடி இருந்தது. மகளின் முகத்தில் இருந்த சிரிப்பு, எங்கே போவது என்று தெரியாமல், பாதியில் நின்றது.

மனைவி போர்வையை விலக்கி எழும்பினாள். குளிர்ந்த பலகையில் வெறும் காலோடு நடந்து போய் சுவிட்சை அணைத்தாள். திரும்பி வந்து படுத்தாள். அவள் பாதங்கள் ஐஸ் போல என் காலில் பட்டன.

“அப்புறம்?” என்றாள்.

அப்புறம் அவன் திரும்பிப் போனான். ஒரு செட்டையை மட்டும் அவிழ்த்து விட்டான்.

விதி ரத்தானது என்று யாரும் அறிவிக்கவில்லை. மறுநாள் காலை டோஸ்டரில் பாண் கருகியபோது அவள் என்னை ஈப்போத் தமிழில் திட்டினாள், அவ்வளவுதான். மகள் இருவருக்கும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள், இடையிடையே தமிழை மிளகு மாதிரித் தூவி. ஆனால் ஓயாமல் சொன்னாள். பூனைக்கும் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் தோளைக் குலுக்குவாள். தவணை முடிவு நெருங்க நெருங்க மனைவி தூக்கத்தில் புரண்டாள். தான் அவிழ்த்து விட்டது சரிதானா என்ற கணக்கு அவள் நெற்றியில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி வாரத்தில் ஆசிரியை எங்களை வரச் சொன்னாள். மனைவி தாதி உடுப்போடு நேராக வந்தாள். அதே சின்னக் கதிரைகள்.

ஆசிரியை சிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் பிள்ளைகள் பாயில் வட்டமாக இருந்து புதினம், வீட்டுச் செய்தி, சொல்லும் நேரத்தில், உங்கள் மகள் தானாக எழும்பி நின்றாள் என்றாள். காற்றை உண்டாக்கும் ஒரு பறவையின் கதை. முழுக்க ஆங்கிலத்தில், கைகளை அடித்துக்காட்டி. ஒரு பிள்ளை குறுக்கே பேசியதற்கு, நான் இன்னும் முடிக்கவில்லை என்று அதட்டினாளாம். அன்றிலிருந்து அவளை நிறுத்துவதுதான் கஷ்டம். வகுப்பு மாற்றும் பேச்சே இனி இல்லை.

“நீங்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்று தெரியும்,” என்றாள் ஆசிரியை. “வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்பது இலகுவில்லை. பலன் கிடைத்துவிட்டது.”

நான் தலையை ஆட்டத் தயாரானேன். நல்ல செய்தி, கும்பிட்டு வாங்கிக்கொண்டு போகலாம். மனைவி தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“இல்லை,” என்றாள் ஆங்கிலத்தில். “நாங்கள் அதைப் பாதியில் விட்டுவிட்டோம். அந்தக் கதையை அவள் தமிழில்தான் கேட்டாள். இவர் சொன்னார். நான் குறுக்கே குறுக்கே பேசினேன்.”

ஆசிரியை பென்சிலைக் கீழே வைத்தாள்.

“எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்,” என்றாள்.

“எனக்கும்,” என்றாள் மனைவி.

அது எந்தப் புத்தகம் என்று ஆசிரியை கேட்டாள். நூலகத்துக்குத் திருப்ப வேண்டும், அதற்குமுன் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அப்போது வெளியே காத்திருக்கச் சொன்ன மகள் கதவுப் பிடியில் தொங்கியபடி எட்டிப் பார்த்து, பசிக்கிறது, எப்போது வீட்டுக்குப் போகிறோம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மனைவி திரும்பினாள். கடைசிச் சுவர் வரை கேட்கும் குரலில், வார்டு முழுவதையும் எழுப்பும் அந்தத் தாதிக் குரலில் சொன்னாள்:

“இரும்மா, டீச்சர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கோம்ல. பையில ஆப்பிள் இருக்கு, எடுத்துச் சாப்பிடு.”

மகள் ஆசிரியையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“எந்தப் பை?” என்றாள், தமிழில்.

நியாயமான கேள்வி. எங்களிடம் இரண்டு பைகள் இருந்தன.