மூடி அக்காவின் சுவர்

அந்தத் தெருவில் அவளுக்கு மூடி அக்கா என்று பெயர். சுவரில் எது துருத்திக்கொண்டு நின்றாலும் அதை மூடியாக வேண்டும் அவளுக்கு. குடிவந்த முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தவள், எதிர்ச் சுவரில் ஃபியூஸ் பெட்டி பல்லிளிப்பதைப் பார்த்துவிட்டுத் தட்டோடு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

"அத பாத்துக்கிட்டே எப்படிங்க சாப்பாடு இறங்கும்?" என்றாள். கணவருக்கு நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்தாள். மீந்த துண்டுத் துணிகளைக் கடையில் கேட்டு வாங்கி வருவாள். மெல்லிய மரச்சட்டங்களை நான்காக அறுத்துச் சேர்த்து, அதில் துணியை விறைப்பாக இழுத்து அடித்து, இரண்டு சின்னக் கீல் வைத்தால் ஃபியூஸ் பெட்டிக்கு ஒரு கதவு. பார்ப்பவர்களுக்கு அது படம். கூடத்து மூலையில் மேலிருந்து கீழே இறங்கும் குழாய்க்குச் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினாள். முன்பு இருந்தவர்கள் ஏசியைக் கழற்றிக்கொண்டு போன ஓட்டைக்கு ஒரு பிரம்புத் தட்டு. மூடலாம், ஆனால் அடைக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. அவசரத்துக்கு ஒரே இழுப்பில் எதுவும் திறக்க வேண்டும்.

"நான் மட்டும்தான் பாக்கி. எனக்கும் ஒரு துணி வெட்டி வச்சிருப்பா" என்று கணவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தெருமுனையில் சாவி வெட்டும் கடை அவருக்கு. ஒரு காரியம் ஒழுங்காகச் செய்ய மாட்டார், சாவி ஒன்றைத் தவிர. வலது முழங்கால் போய் ஆறு வருடம் ஆகிறது. படி ஏற முடியாது. முனை வரைக்கும் நடந்து திரும்பவே மூச்சு வாங்கும். அந்தப் பக்கத்தில் படி இல்லாத தரைத்தள வீடு அது ஒன்றுதான். அந்த வீடு கைவிட்டுப் போனால் கடையும் போகும். கடை போனால் அவர் கட்டிலும் சுவருமாகக் கிடக்க வேண்டியதுதான். இது இரண்டு பேருக்கும் தெரியும், பேச மாட்டார்கள்.

பதினோராம் வருடம் வீட்டு ஓனரின் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். ஓனர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே பல வருடம். பெண் வாசலிலேயே நின்று, "அய்யோ, எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க!" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருடத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள். பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். "இது என்னன்னு சொல்லு பாப்போம்? ஃபியூஸ் பெட்டிம்மா!" பெண் கைதட்டிச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள்.

நாலாம் நாள் ஓனரிடமிருந்து போன். மகளுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டதாம், கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே இருக்கிறேன் என்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு பார்க்க வருகிறார்கள். நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றார் கணவர். பிறகு அவரே, "சரி விடு, எங்கயாவது கிடைக்கும்" என்றார். எங்கேயும் கிடைக்காது.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா திருப்புளியை எடுத்தாள். துணிக் கதவு, பிரம்புத் தட்டு, சணல் கயிறு எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எழுந்து பார்த்தால் வந்தது வினை. மூடியிருந்த இடமெல்லாம் பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தது. மங்கிய சுவரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பளிச்சென்று சதுரமும் வட்டமும். இங்கே ஒன்று இருந்தது, கழற்றிவிட்டோம் என்று சுவரே சொல்லிக் கொடுத்துவிடும்.

அடுக்களைக்குப் போய் டீத்தூளைக் கொதிக்கவைத்து, ஸ்டவ்வின் அடியில் சுரண்டிய கரியை அதில் கலந்து, கந்தையில் தொட்டுச் சுவரில் பூசினாள். கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பூசினாள். குழாய் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பூசினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். மாப்பிள்ளை ஏசி ஓட்டையைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"போன தடவ இப்படி இல்லையே ஆன்ட்டி?" என்றாள் பெண்.

"யாராவது வராங்கன்னா எதையாவது தொங்க விடுவோம்மா. உள்ள இருக்கறது இதுதான். நீங்க குடியிருக்கப் போற வீடு, மறைக்கலாமா?"

பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "வேண்டாம்பா. வேற பாக்கலாம்."

ஓனர் சுவரில் விரலை வைத்து இழுத்தார். விரலில் கரி ஒட்டியது. "பதினோரு வருஷமா ஒரு பொம்பள இருக்கற வீடு மாதிரியா இருக்கு? கொஞ்சமாவது சுத்தபத்தம் வேணாமா?"

கணவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டார்.

"ஆமாங்க" என்றாள் ஓனரிடம். "எனக்கு அவ்வளவுதாங்க துப்பு."

"சரி சரி, நீங்களே இருங்க. இதுக்கு வேற யார் வரப் போறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டினார்.

கார் திரும்பிப் போகிற வரைக்கும் கணவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எமகாதகி! ஜெயிச்சுட்டியேடி! கொண்டா அந்தச் சட்டத்தை, நானே மாட்டறேன்."

அக்கா வாளியில் தண்ணீர் பிடித்துவந்து சுவரைத் துடைக்க ஆரம்பித்தாள். கரி கொஞ்சம் போனது. டீக்கறை போகவில்லை. அழுத்தித் தேய்த்தால் பெயின்ட்தான் கையோடு வந்தது.

"நாளைக்கு நாமளே பெயின்ட் அடிச்சுக்கலாம், விடு. அந்த ஆள் பேசினதையா நினைச்சுக்கிட்டிருக்க? வீடு நம்மகிட்ட இருக்குல்ல?"

"அவர் பேசினதுக்கு இல்லீங்க" என்றாள் அவள், திரும்பாமல். "நானும் ஆமாங்கன்னு சொன்னேனே."

அவள் தேய்த்துக்கொண்டே அழுதாள்.