சொந்த வீட்டிலிருந்து ஒரு புகார்

என் கணவர் யூபிஎஸ் மெக்கானிக். எந்த ஆபீஸிலிருந்து போன் வந்தாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். எங்கள் வீட்டு யூபிஎஸ் மட்டும், கரண்ட் போனதும் கீச்சென்று ஒரு கத்து கத்திவிட்டு மண்டையைப் போட்டுவிடும்.

நான் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். போன வாரம் அரை அத்தியாயம் அப்படியே போனது. நாளைக் காலை முழுப் புத்தகமும் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் இனி வேலை தர மாட்டார்கள். இவரிடம் சொன்னால், "இன்னைக்குப் பாத்துடலாம்" என்பார். அந்த இன்றைக்கு ஒரு வருடமாக வரவேயில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்று காலை அவருடைய கம்பெனிக்கே போன் போட்டுப் புகார் பதிந்தேன். எடுத்த பெண் புதிது போலிருக்கிறது. முகவரியை வாங்கிக்கொண்டு, "மெக்கானிக் மதியத்துக்குள்ள வந்துடுவார் மேடம்" என்றாள்.

வந்தார். சொந்த வீட்டிலேயே காலிங்பெல்லை அடித்துக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"ஏன்டி என் மானத்தை வாங்குற?"

"புகார் கொடுத்தாத்தானே வர்றீங்க."

வாடிக்கையாளர் போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால்தான் புகாரை முடிக்க முடியும். முடிக்காவிட்டால் மேனேஜர் பிடித்துக்கொள்வார். முனகிக்கொண்டே மூடியைக் கழற்றினார். ஸ்க்ரூடிரைவர் கைக்கு வந்ததும் வாய் தானாக வேலைப் பேச்சுக்குப் போய்விட்டது. எங்கே போனாலும், முன்னால் வந்துபோன மெக்கானிக்கை முதலில் திட்டித் தீர்ப்பது இவர்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

"ஒரு பேட்டரி உப்பிப் போயிருக்கு. எங்கயோ கழட்டின பழசைப் புதுசோட சேத்து மாட்டியிருக்கான். இது அதையும் சேத்துல்ல கெடுத்திருக்கு. எந்த மடையன் மேடம் இந்த வேலையைப் பாத்தது?"

நான் அவரையே பார்த்தேன். அவருக்கே உறைத்தது. காது சிவந்துவிட்டது.

"ரெண்டையும் புதுசா மாட்டுங்க. அப்பதான் ஓடிபி" என்றேன்.

கடைக்குப் போய் வாங்கி வந்து மாட்டினார். மெயினை அணைத்துப் பார்த்தார். மின்விசிறி நின்றது, கணினித் திரை அணையவில்லை. என் பக்கங்கள் அப்படியே இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பையை மூடிக்கொண்டே, பழக்கதோஷத்தில் கேட்டார்: "வேற ஏதாவது பிரச்சினை இருக்கா மேடம்?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் இதைக் கேட்டதேயில்லை.

"இருக்கு, உட்காருங்க" என்று சொல்லி, ஓடிபி வந்திருந்த போனைக் கவிழ்த்து வைத்தேன்.