உசிரு காட்டுற மீட்டர்

பிலிம் கேமராவுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறதாம். கல்லூரியில் படிக்கும் என் மகள் எங்கிருந்தோ ஒன்றை வாங்கி வந்து, இதற்கு ஒரு லைட் மீட்டர் வேண்டும், பழசாக இருந்தாலும் பரவாயில்லை, எதைப் பார்த்து வாங்குவது என்று ஒரு வாரமாக என் உயிரை எடுக்கிறாள். வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டினால் கதையைச் சொல்ல வேண்டும். வேலை விட்டு வந்த அலுப்பில் அதற்கெல்லாம் தெம்பு ஏது?

நேற்று எடுத்துவிட்டேன். கைக்கு அடக்கமான கருவி. மேலே பாதி முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ், கீழே கண்ணாடிக்குள் ஒரு முள். பாட்டரி கிடையாது. குமிழில் வெளிச்சம் பட்டால் முள் தானாக ஏறும். அது காட்டும் அளவைக் கேமராவில் திருகி வைத்தால் படம் கறுக்காமலும் வெளுக்காமலும் வரும்.

அது மாமாவுடையது. அம்மாவின் தம்பி. பாபநாசத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து என்றால் ஜனங்கள் கும்பகோணத்துக்காரர்களைக் கூப்பிடுவார்கள். சாவு விழுந்தால் மாமாவைக் கூப்பிடுவார்கள். அப்போது எங்கள் பக்கம் இறந்தவரைப் பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் சொந்தபந்தம் நிற்கப் படம் எடுப்பது வழக்கம். நிறையப் பேருக்கு அதுதான் முதல் படம். சரியாக வரவில்லை என்று திரும்பவும் எடுக்க முடியாத படமும் அதுதான். மாமா வெளிச்சத்தைக் கண்ணாலேயே கணக்குப் போடுகிறவர். தாத்தா போனபோது அந்தக் கணக்கு தப்பிவிட்டது. தாத்தாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத்தான் வந்தது. பெற்ற அப்பனையே கருக்கினவன் என்று விசேஷ வீடுகளில் யாராவது ஒருவர் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை.

அதற்காகத்தான் மீட்டர். முத்துப்பேட்டையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் பாய் ஒருவரின் கடைக்கு, சின்னப் பையனாக இருந்த என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருந்ததை மாமா தொடக்கூட இல்லை. வருஷக்கணக்கில் வெளிச்சத்தில் கிடந்தால் உள்ளே வெளிச்சத்தை உணரும் தகடு செத்துப்போயிருக்குமாம். பாய் உள்ளே போய், தோல் உறையோடு டப்பாவுக்குள் கிடந்த வேறொன்றை எடுத்து வந்தார். மாமா குமிழை உள்ளங்கையால் மூடினார். முள் பூஜ்யத்துக்கு வந்து படுத்தது. கையை எடுத்தார். எங்கும் திக்காமல் ஏறியது. குலுக்கிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், உச்சி வெயிலில் தெருவில் நின்று, தான் வழக்கமாக வைக்கும் அளவும் அது காட்டும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்.

“பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க தம்பி” என்றார் பாய்.

வாங்கியதோடு முடிந்துவிடவில்லை. ஆறும் வாய்க்காலும் வயலுமாக இருக்கிற எங்கள் பக்கத்து ஈரம் அந்தக் கருவிக்கு எமன். அதனால் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து, மீட்டரோடு தகர டப்பாவில் போட்டு மூடிவைப்பார். ஈரத்தை அரிசி குடித்துக்கொள்ளும். அரிசியை வறுத்துக் கொடுப்பது பெரியம்மா, அதாவது மாமாவின் மூத்த அக்கா. வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவிலேயே அவள் வீடும் இருந்தது. முடிச்சை மாற்றும்போது பழைய அரிசி எனக்குத் தின்னக் கிடைக்கும்.

மீட்டர் வந்த புதிதில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியம்மா வீட்டு வாசலில் எங்களையெல்லாம் நிற்கவைத்து, “இது உசிரு காட்டுற மீட்டரு. யாருக்கு எவ்வளவு பாக்கின்னு புட்டுப்புட்டு வெச்சிடும்” என்றார். அப்போதுதான் வயலிலிருந்து வந்த பெரியப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். நல்ல வெயில். முள் ஒரே ஓட்டமாகக் கோடிக்குப் போனது.

“அத்தானுக்கு நூறு!”

“உரம் விக்கிற விலைக்கு நூறு வருசம் எவன்டா இருக்கறது” என்று பெரியப்பா கால் கழுவப் போய்விட்டார்.

பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “எனக்குப் புடி” என்றாள். முள் அசையவே இல்லை. மாமா உச்சுக்கொட்டினார். “உனக்குக் கொஞ்சம்தான் போலருக்கேக்கா.”

பெரியம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அது போதும்டா. பூவும் பொட்டுமாப் போய்ச் சேர்ந்துடறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அதை நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு பெரியம்மா மத்தியானம் கண்ணயரும்போதெல்லாம், வயிறு ஏறி இறங்குகிறதா என்று கதவோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் விளையாடப் போவேன்.

ஆனால் போனது பெரியப்பா. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவருடைய ஒரே பிள்ளை, எங்கள் அண்ணன், துபாயில் இருந்தான். போன் செய்தார்கள். லீவு கிடைக்கவில்லை என்று அங்கேயிருந்து அழுதான். இனி அவன் அப்பாவைப் பார்ப்பதென்றால் படத்தில்தான்.

“இதுவும் கறுத்துச்சுன்னா அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்” என்று மாமா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கேமராப் பையைத் தோளிலிருந்து அவர் இறக்கவே இல்லை.

பெரியம்மா அழவில்லை. தலை நிறையப் பூவும் அகலப் பொட்டும் வைத்து, பட்டுப்புடவை கட்டி உட்காரவைத்திருந்தார்கள். அழுதுடுடி, அழுதுடுடி என்று பெண்கள் ஒவ்வொருவராக வந்து உலுக்கினார்கள். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீற்றுப் பந்தலுக்குள் வெளிச்சம் போதவில்லை. பெரியப்பாவைப் பெஞ்சோடு பந்தல் ஓரத்துக்கு நகர்த்தச் சொன்னார் மாமா. பெரியம்மாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மாமா பெரியப்பாவின் முகத்துக்கு நேரே மீட்டரை நீட்டினார். முள் ஏறியது.

“ஆடுதுடா!” பெரியம்மா மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “முள்ளு ஆடுது. அவருக்கு இருக்குடா!”

கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்தது. ஒருவர் பெரியப்பாவின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். இன்னொருவர் கம்பவுண்டரைக் கூப்பிடச் சைக்கிளை எடுத்தார். பறையடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். மாமா அவசரமாக மீட்டரை இறக்கினார்.

“வெளிச்சம்க்கா. இது வெறும் வெளிச்சம்.”

“அன்னிக்கு உசிருன்னியே.”

“விளையாட்டுக்குச் சொன்னேன்க்கா.” மாமா மீட்டரைத் திருப்பினார். பந்தல்காலுக்கு நேரே பிடித்துக் காட்டினார், சுவருக்கு நேரே காட்டினார், நெல் மூட்டைக்கு நேரே காட்டினார். எல்லாவற்றுக்கும் முள் ஏறியது. சைக்கிளை எடுத்தவர் ஸ்டாண்டு போட்டார்.

பெரியம்மா பிடியை விட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, “எனக்குப் புடி” என்றாள்.

மாமா தயங்கித் தயங்கி நீட்டினார். நான் பக்கத்திலேயே நின்றதால் பார்த்தேன். அவருடைய இடது கை மெல்ல வந்து குமிழுக்குக் குடை பிடித்தது. முள் எழவில்லை.

“கையை எடுடா” என்றாள் பெரியம்மா. “அன்னிக்கும் இப்படித்தானே மறைச்ச.”

மாமா கையை எடுத்தார். முள் ஏறி, பெரியப்பாவுக்கு நின்ற இடத்திலேயே வந்து நின்றது. பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவையும் வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்ணுவேன்” என்றாள். அப்புறம்தான் அழுதாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். மாமா சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் திருகினார்.

படம் நன்றாக வந்தது. பெரியப்பாவின் மீசையில் நரை எது, கறுப்பு எது என்று தெரிந்தது. அண்ணன் அதைத் துபாயில் தலைமாட்டிலேயே வைத்திருந்தானாம். பெரியம்மா நிறைய நாள் இருந்தாள். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் அரிசி வறுத்து மாமாவுக்குக் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தாள், கை நடுங்கத் தொடங்கிய பிறகும்கூட.

நேற்று டப்பாவைத் திறந்தபோது மீட்டருக்கு அடியில் அந்தப் படத்தின் இன்னொரு பிரதி இருந்தது. மகள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “எல்லாரும் அழறாங்க, நீ மட்டும் ஏன்ப்பா சிரிக்கற?” என்றாள்.

முன்வரிசையில் அரை டிராயரோடு நிற்கிறேன். வாயெல்லாம் பல். பெரியம்மாவுக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது என்று அத்தனை நாளும் பயந்து கிடந்தவன் நான். நிறைய இருக்கிறது என்று முள் காட்டிவிட்டது. இவ்வளவு நல்ல சேதிக்குப் போய் ஏன் இப்படி அழுகிறாள் என்றுதான் அப்போது எனக்குப் புரியவில்லை.