இரண்டு பாய் தள்ளி உட்கார்ந்தவர்

கச்சிராயபாளையத்தில் எனக்கு ஓர் உரக்கடை. மாடி சும்மா கிடந்ததால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தியான வகுப்புக்கு விட்டிருக்கிறேன். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. பாய் விரிக்கவும் கதவு பூட்டவும் ஆள் வேண்டுமே என்று கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்துகொள்வேன். கண்ணை மூடினால் யூரியா மூட்டைதான் வரும். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்கும் இசைவாணி மேடம், ஓய்வுபெற்ற நர்ஸ், அதற்கும் முகம் சுளிக்க மாட்டார். "மூட்டை வந்தா வரட்டும், போனா போகட்டும், நீங்க அது பின்னாடி போகாதீங்க" என்பார்.

அந்த வகுப்புக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவர் கண்ணாயிரம். (பேர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அணைத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்தில் மூன்று ஏக்கர் கரும்பு. பேச்சு கம்மி, கோபம் ஜாஸ்தி. ஒருமுறை என் கடையில் பொட்டாஷ் மூட்டை ஓரம் கிழிந்திருந்தது என்று அதை ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போனவர். சாயங்காலம் அவரே துடைப்பத்தோடு வந்து அள்ளிப் போட்டார். அவர் கோபம் அப்படி. செய்து முடித்த பிறகுதான் புத்தி வரும்.

அவருக்கும் தம்பி வெற்றிவேலுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாசம், அண்ணன் முறையன்று கரண்டே வரவில்லை. மறுநாளை எனக்கு விடு என்றார் கண்ணாயிரம். முறை முறைதான் என்றான் தம்பி. எங்கள் பக்கம் கூட்டுக் கிணற்றுச் சண்டையில் வழக்கமாக நடக்கும் ஒரு காரியம் உண்டு. மோட்டார் கொட்டகையில் இருக்கும் பீஸ் கட்டை, அதாவது ஃபியூஸ், மூன்றில் ஒன்றைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மோட்டார் ஓடாது. எதிராளி தேடி வந்து கெஞ்ச வேண்டும். கண்ணாயிரமும் அன்று அதைத்தான் செய்தார். பிடுங்கிக்கொண்டு தியாகதுருகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

பந்தியில் இருக்கும்போது போன் வந்தது. கட்டை இருந்த இடத்தில் கம்பியைச் சொருகப் போன வெற்றிவேல், ஈரக்காலோடு நின்றபடியே போய்விட்டான். வயது நாற்பத்தொன்று. பீஸ் கட்டை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வகுப்பில் இசைவாணி மேடம் கர்மாவைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து கண்ணாயிரம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். வகுப்பு முடிந்ததும் போய் நிற்பார். "அப்போ எந்தம்பி போனது அவன் கர்மாதானேம்மா?"

மேடம் ஒரு தடவைகூட ஆமாம் என்று சொன்னதில்லை. "அவரோடது நமக்குத் தெரியாதுங்க. நம்ம கை இன்னா செஞ்சிதுன்னு மட்டும்தான் நமக்குத் தெரியும்" என்பார். இவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போவார். அடுத்த வாரம் அதையே கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு வெற்றிவேலின் மனைவி ஜெயசுதாவும் வர ஆரம்பித்தாள். தூக்கமில்லாமல் அவள் துரும்பாகிப் போனதைப் பார்த்து, கண்ணாயிரத்தின் மனைவி கண்ணகிதான் கூட்டிவந்து விட்டாள். பெண்கள் வரிசையில், அவரிடமிருந்து இரண்டே பாய் தள்ளி உட்காருவாள். முதல் நாளே கண்ணை மூடிய ஐந்து நிமிஷத்தில் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"நான்தான் கொன்னேன். மோட்டார் ஓடலன்னு வூட்டுக்கு வந்து நின்னவர, பயிரு கருகிக்கினு கெடக்குது, ஒரு கம்பிய சொருகத் தெரியாதா, நீயெல்லாம் ஒரு ஆம்பளையான்னு நான்தான் ஏசி அனுப்புனேன்."

மேடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். கண்ணாயிரம் மட்டும் கண்ணைத் திறக்கவே இல்லை.

எட்டு மாசம் அவள் வந்தாள். மூச்சைக் கவனிப்பாள், அழுவாள், மறுபடி மூச்சைக் கவனிப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக அழுகை குறைந்தது. முகத்தில் சதை பிடித்தது. ஒருநாள் என்னிடம், "கீழ டிஏபி மூட்டை வந்துச்சாண்ணே?" என்று கேட்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

போன தை மாசம், வகுப்பு முடிவில் அவளே எழுந்து பேசினாள். "நான் செஞ்ச பாவம், நான்தான் அனுபவிக்கணும். அது என் கர்மா. ஏத்துக்கினேன். இப்பல்லாம் தூக்கம் வருதுங்க." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், நம்பிக்கை இல்லாத நானே.

கூட்டம் கலைந்தது. நான் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாயிரம் எழாமல் உட்கார்ந்திருந்தார். "சுதா, கொஞ்சம் நில்லும்மா" என்றார். நிமிர்ந்து பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சண்டையை, கட்டையைப் பிடுங்கியதை, சுடுகாட்டில் கொள்ளி வைக்கும்போதும் அது தன் பையிலேயே இருந்ததை. "உம் மேல எந்தத் தப்பும் இல்லம்மா. எல்லாம் நான்தான்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரு மாமா" என்றாள். "கட்டைய நான்தான் கை தவறிப் போட்டு ஒடச்சிட்டேன்னு சொன்னாரு. ஒடச்சது நீதானே, நீயே போயி சரி பண்ணுன்னுதான் நான் ஏசுனேன். நீங்க எடுத்துக்கினு போனது அவருக்குத் தெரியாமயா இருக்கும்? சொன்னா நான் உங்க வூட்டு வாசல்ல வந்து சண்டைக்கு நிப்பேன்னு பழிய அவரு மேல போட்டுக்கினாரு."

கண்ணாயிரம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எட்டு மாசம், இதே எடத்துல நான் மார்ல அடிச்சிக்கினப்ப பாத்துக்கினு இருந்தீங்களே மாமா. இன்னிக்குத்தான் நிம்மதின்னு சொன்னேன். அதையும் புடுங்கிக்கினீங்க."

படியில் இறங்கப் போனவள் திரும்பினாள். "யார்கிட்டயும் நான் சொல்லப் போறதில்ல. அண்ணே, நீங்களும் வாயத் தொறக்கக் கூடாது. மாமாவுக்காக இல்ல. எம் வூட்டுக்காரரே சொல்லாதத நான் சொல்ல மாட்டேன்."

கேட்டவர்களிடமெல்லாம், கட்டையைத் தன் புருஷன்தான் கை தவறி உடைத்தார் என்று சொல்லிவிட்டு, அந்த வாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணலூர்பேட்டைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. அன்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்றும் தோன்றுகிறது, ஆமாம் என்றும் தோன்றுகிறது.

கண்ணாயிரம் இப்போது வகுப்புக்கு வருவதில்லை. டீக்கடையில் யாராவது உட்கார்ந்திருந்தால் போய், "எந்தம்பி கட்டைய ஒடைக்கல, நான்தான்யா எடுத்துக்கினு போனேன்" என்று ஆரம்பிக்கிறார். யாரும் நம்புவதில்லை. பொண்டாட்டியே சொன்னாளே, அவன்தானே உடைத்தான் என்கிறார்கள். தம்பி மேல் இத்தனை பாசமா என்று உச்சுக் கொட்டுகிறார்கள். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுய்யா, உனக்குத் தெரியுமில்ல?" என்பார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன்.